தெரிந்த மெட்டைப் புதிதாகக் கேட்பது: இங்கிலாந்துத் தொடக்கப்பள்ளி இசை வகுப்பில் கேரல் பாடல்கள்

‘ஜாய் டு தி வேர்ல்ட்’ என்ற கேரல், அதாவது கிறிஸ்துமஸ் காலப் பாடல், ஒலிக்கத் தொடங்கிய மூன்றாவது விநாடியில் வகுப்பில் பாதிப் பேர் கூடவே பாட ஆரம்பித்துவிடுவார்கள். ஆசிரியருக்கு மனம் குளிரும். ஆனால் கேட்கும் பாடம் அந்த இடத்திலேயே முடிந்துபோகிறது. பாடுகிற பிள்ளைக்குத் தன் குரல்தான் முதலில் கேட்கும். ஸ்பீக்கரில் ஓடுவது எங்கோ பின்னால் போய்விடும். பாட்டு முடிந்ததும் “இரண்டாம் வரியில் அடிக்குரல் என்ன செய்தது?” என்று கேட்டால் முப்பது முகங்களும் வெறித்துப் பார்க்கும்.

கேட்டல் பயிற்சிக்குக் கேரல் பாடலைத் தேர்ந்தெடுப்பதன் லாபமும் நட்டமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. மெட்டு முன்பே தெரியும். தெரிந்த மெட்டை மனதில் பிடித்து வைக்கக் காது சிரமப்பட வேண்டியதில்லை. அதனால் அடிக்குரல், இரண்டாம் குரல், சுருதி மாற்றம், தாளத்தின் உள்விவரம் ஆகியவற்றின் பக்கம் அது போக முடியும். அதே பழக்கம்தான் “எனக்குத் தெரியுமே” என்று காதை மூடவும் வைக்கிறது. கீழே உள்ள ஆறு வாரத் திட்டம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கிற இழுபறிதான்.

எந்த வகுப்பு, எவ்வளவு நேரம்

எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் ஐந்தாம் ஆண்டு வகுப்பு. பிள்ளைகளுக்கு 9 அல்லது 10 வயது. சுமார் 30 பேர், வாரம் ஒரு முறை 45 நிமிடம். 2014 முதல் நடப்பில் உள்ள தேசியப் பாடத்திட்டம் 7 முதல் 11 வயதுக்குச் சொல்வது இதுதான்: நுணுக்கம் கவனித்துக் கேட்க வேண்டும், கேட்ட ஒலியை நினைவில் வைத்துத் திரும்பச் சொல்ல வேண்டும், அந்த நினைவாற்றல் வளர்ந்துகொண்டே வர வேண்டும். “கேட்டு ரசித்தல்” என்று மட்டும் அங்கே எழுதியிருக்கவில்லை. நினைவும் கணக்கில் வருகிறது.

இலையுதிர் பருவத்தின் இரண்டாம் பாதியில், நவம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை, ஆறேழு இசை வகுப்புகள் கிடைக்கும். கடைசி இரண்டை நம்ப முடியாது. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி ஒத்திகைக்கு மண்டபம் வேண்டும், பிள்ளைகளை அழைத்துப் போய்விடுவார்கள். ஆகவே சரக்கு முழுவதையும் ஐந்து வகுப்புக்குள் முடித்துவிட வேண்டும். ஆறாவது கிடைத்தால் லாபம்.

45 நிமிடத்தில் உண்மையாகக் கேட்கச் செலவிடுவது 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முதல் 4 நிமிடம் மனதுக்குள் பாடும் விளையாட்டு. கேட்டு முடிந்ததும் 15 நிமிடம் கருவியிலோ குரலிலோ. மீதி, கருவிகளை எடுத்து வைப்பதிலும் சண்டை தீர்ப்பதிலும் போய்விடும்.

ஒரு முறை ஓட்டினால் ஒரு கேள்வி

முழுப் பாடலையும் ஓட்டிவிட்டு “என்ன கேட்டீர்கள்?” என்பது பலர் செய்கிற வேலை. கிடைக்கும் பதில்: “நல்லா இருந்தது”, “மணி கேட்டது”. பிள்ளைகள் மேல் குறை இல்லை, கேள்வி தாமதமாக வந்துவிட்டது. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் காது தேடாது.

30 முதல் 40 விநாடி நீளத் துண்டு ஒன்றை மூன்று முறை ஓட்டுவது நல்ல கணக்கு. ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. முதல் முறைக்கு எளிதானது: குரல் ஒன்றா, பலவா? இரண்டாம் முறைக்குக் கொஞ்சம் கூர்மையானது: இரண்டாவது குரல் எந்தச் சொல்லில் நுழைகிறது? மூன்றாம் முறை, முன்பு சொன்ன பதிலைச் சரிபார்க்க. ஓடும்போது கண் மூடியிருக்கும், வாயும் மூடியிருக்கும். பென்சில் கீழே. எழுதுவது நின்ற பிறகுதான். கண் திறந்திருந்தால் பக்கத்துப் பிள்ளை கை தூக்குவதைப் பார்த்துத் தானும் தூக்கும். அது கேட்டதற்கான சான்று ஆகாது.

கூடவே பாடுவதை முற்றாகத் தடை செய்தால் வகுப்பு முறுக்கிக்கொள்ளும். மூன்று முறை கேட்ட பிறகு நான்காவது ஓட்டம் பாடுவதற்கு என்று முன்பே சொல்லிவிட்டால் போதும். பாடக் காத்திருக்கும் ஆர்வமே முதல் மூன்று முறைக்கும் அமைதியைத் தேடித் தரும்.

ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பாதித் தோல்வி அதில்தான். கைப்பேசியிலோ உள்ளங்கை அளவு ப்ளூடூத் பெட்டியிலோ போட்டுக் காட்டினால் அடிக்குரல் அநேகமாக இருக்காது. ஆர்கனின் 16 அடிக் குழாய் வரிசையில் ஆகக் கீழான சுரம் சுமார் 33 ஹெர்ட்ஸ். சின்னப் பெட்டி அதன் சாயலைத்தான் தரும். இல்லாத ஒலியைக் கேட்கச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்குக் காது கூர்மை இல்லை என்று முடிவு கட்டுவது அநியாயம். வகுப்பறைத் திரைக்கு இணைத்த பெரிய ஸ்பீக்கர் இருந்தால் அதுவே போதும். அதைக் காது உயரத்தில் வைத்து, ஆசிரியர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து அடிக்குரல் கேட்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும். செவிக்கருவி அணிந்த பிள்ளைக்கு ஸ்பீக்கரும் ஆசிரியர் முகமும் ஒரே திசையில் இருக்கும்படி இடம் தருவது நல்லது. காற்றடைத்த பலூனை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டால் அடிச்சுரத்தின் அதிர்வு விரலில் தெரியும். மற்ற பிள்ளைகளும் பலூன் கேட்பார்கள், கொடுக்கலாம்.

முதல் வாரம்: இறங்கும் எட்டுச் சுரம்

‘ஜாய் டு தி வேர்ல்ட்’ ஐசக் வாட்ஸ் 1719-இல் வெளியிட்ட வரிகள். விவிலியத்தின் 98-ஆம் சங்கீதத்தை ஒட்டியது, கிறிஸ்துமஸுக்கென்று எழுதியதும் அல்ல. இன்று நாம் அறியும் மெட்டை அமெரிக்காவில் லோவல் மேசன் 1830-களில் அமைத்தார். முதல் வரியில் எட்டு அசை. அந்த எட்டும் மேல் ஸட்ஜத்திலிருந்து கீழ் ஸட்ஜம் வரை ஒரு சுரம் விடாமல் இறங்குகின்றன. சுருக்கமாகச் சொன்னால் சங்கராபரணத்தின் அவரோகணம்: ஸ நி த ப ம க ரி ஸ.

பாட்டின் பெயரைச் சொல்லாமல், எட்டுச் சுரத்தையும் சம நீளத்தில், சமச் சீராக, பியானோவில் வாசித்து “இது எந்தப் பாட்டு?” என்று கேளுங்கள். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. “சும்மா ஸ்கேல்” என்பார்கள். அடுத்து அதே சுரங்களைப் பாட்டின் காலப்பிரமாணத்தில் வாசியுங்கள்: முதல் சுரம் 1 எண்ணிக்கை, பிறகு முக்கால், கால், ஒன்றரை, அரை, 1, 1, கடைசி ஒன்றரை. மூன்றாம் சுரத்துக்குள் வகுப்பு சிரித்துவிடும். சுரம் மாறவில்லை, நீளம்தான் மாறியது. சுரமும் நடையும் தனித்தனிச் சங்கதிகள் என்பதைச் சொல்லி விளக்க அரை மணி ஆகும். இது ஒரு நிமிடத்தில் காட்டிவிடுகிறது.

பிறகு எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஒரு சைம் பார் (குச்சியால் தட்டி வாசிக்கும் ஒற்றைச் சுரக் கட்டை), மேல் சி முதல் கீழ் சி வரை. வரிசையாக நின்று முதல் வரியை வாசிக்க வேண்டும். இதில் மூன்றாவது பிள்ளை, அதாவது ‘ஏ’ சுரம் வைத்திருப்பவர், எப்போதும் தாமதிப்பார். அவர் மந்தம் என்பதல்ல. அவருடைய சுரம் கால் எண்ணிக்கைதான், இரண்டாம் பிள்ளையின் ஒலி காதுக்கு வந்து அதற்குப் பிறகு கையை ஓங்கினால் நேரம் கடந்துவிட்டது. “உன் முறை வரட்டும்” என்று காத்திருக்கும் பழக்கம் இங்கே உதவாது. முதல் சுரத்திலிருந்தே மனதுக்குள் பாடிக்கொண்டு வந்தால்தான் கை சரியான இடத்தில் விழும். அப்படியும் வரவில்லையென்றால் இரண்டாம், மூன்றாம் சுரங்களை ஒரே பிள்ளையிடம் இரண்டு குச்சியோடு கொடுத்துவிடலாம். ஆனால் முதல் நான்கைந்து முயற்சி தவறட்டும் என்று விட்டால்தான் ஏன் தவறுகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

இரண்டாம் வாரம்: ஒரே வரிகள், இரண்டு மெட்டுகள்

‘ஓ லிட்டில் டவுன் ஆஃப் பெத்லஹேம்’ வரிகளை 1868-இல் பிலடெல்ஃபியாவில் ஃபிலிப்ஸ் புரூக்ஸ் எழுதினார், லூயிஸ் ரெட்னர் மெட்டமைத்தார். அமெரிக்கர் இன்றும் அதைத்தான் பாடுகிறார்கள். இங்கிலாந்துக்காரர் பாடுவது வேறு. சர்ரே மாவட்டத்தில் ஃபாரஸ்ட் கிரீன் என்ற ஊரில் 1903-இல் சேகரித்த ஒரு நாட்டுப்புறப் பாட்டின் மெட்டை இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் இந்த வரிகளுக்குப் பொருத்தி 1906-இல் பாமாலைத் தொகுப்பில் சேர்த்தார்.

வகுப்பு முதலில் தனக்குத் தெரிந்த ஃபாரஸ்ட் கிரீன் மெட்டைப் பாடட்டும். பிறகு ரெட்னரின் மெட்டைச் சொல் இல்லாமல் வாசியுங்கள். கேள்வி: முதல் ஐந்து சுரத்தில் எது தாவுகிறது, எது நகர்கிறது? இங்கிலாந்து மெட்டு கீழ்ப் பஞ்சமத்திலிருந்து ஸட்ஜத்துக்கு ஒரு தாவல் தாவி அதே சுரத்தில் மூன்று முறை நிற்கிறது: ப, ஸ ஸ ஸ, ரி. அமெரிக்க மெட்டு காந்தாரத்தில் மூன்று முறை நின்று, அரைச்சுரம் மட்டும் கீழே சறுக்கித் திரும்புகிறது. அந்த அரைச்சுரச் சறுக்கலைக் கையால் காட்டச் சொன்னால் பலர் அகலமாகக் கையை இறக்குவார்கள். அதே இடத்தை மெதுவாக இன்னும் இரண்டு முறை வாசித்தால் அசைவு விரல் அளவுக்குச் சுருங்கும். காது கூர்மையாவதை ஆசிரியர் கண்ணால் பார்க்கிற இடம் இது.

ஃபாரஸ்ட் கிரீனின் நான்கு அடிகளில் முதல், இரண்டாம், நான்காம் அடிகள் ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு. சிவப்பு அட்டை மூன்று, பச்சை ஒன்று கொடுத்து அடுக்கச் சொன்னால் சொற்களோடு கேட்கும்போது பெரும்பாலோர் தவறவிடுவார்கள், சொல் மாறினால் மெட்டும் மாறியதாகத் தோன்றும். ‘லா’ வைத்துப் பாடிக் காட்டினால் சட்டென்று சரியாக வரும். சொல்தான் காதின் முதல் எதிரி என்பது இந்த வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பத் தெரியும்.

மூன்றாம் வாரம்: எத்தனை அடுக்கு

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் 1918 கிறிஸ்துமஸ் முன்மாலை தொடங்கிய ஒன்பது வாசகங்கள் வழிபாடு, 1919 முதல் ‘ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி’யோடு ஆரம்பிக்கிறது. முதல் சரணம் ஒரே சிறுவன், துணைக்கருவி இல்லை. இரண்டாவது பாடகர் குழு, அதுவும் கருவி இல்லாமல். பிறகு ஆர்கனும் சபையாரும் சேர்வார்கள். கேட்டல் பயிற்சிக்கென்றே யாரோ அடுக்கி வைத்ததுபோல இருக்கும். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கண் மூடியிருக்க வேண்டும். புதிய அடுக்கு சேரும்போது ஒரு விரல் கூட்ட வேண்டும். இரண்டாம் சரணத்தில் பலர் ஒரே தாவலில் ஐந்து விரல் காட்டுவார்கள், பலர் பாடுகிறார்கள் என்பதால். “எத்தனை ஆள் அல்ல, எத்தனை வெவ்வேறு மெட்டு ஒரே நேரத்தில் ஓடுகிறது” என்று கேள்வியைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கும். ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுக்கும்போது சரண வரிசையை முதலில் கேட்டுப் பார்த்துவிடுங்கள். எல்லாப் பதிவிலும் இந்த அமைப்பு இருக்காது.

நான்காம் வாரம்: சுருதி எங்கே நகர்ந்தது

ஜான் ஹென்றி ஹாப்கின்ஸ் 1857-இல் எழுதிய ‘வீ த்ரீ கிங்ஸ்’ கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு ஒரு கிரக பேதப் பாடம், அதாவது ஸட்ஜத்தின் இடத்தை மாற்றி அதே சுரங்களை வேறு ராகமாகக் கேட்பது. சரணம் நடபைரவியின் சுரங்களில் ஓடும். ‘ஓ’ என்று நீளும் இடம் தாண்டிப் பல்லவிக்கு வந்ததும் பழைய சாதாரண காந்தாரமே ஸட்ஜமாகி, அதே சுரக்கூட்டம் சங்கராபரணமாகக் கேட்கும்.

இந்த மாற்றத்தைப் பிடிக்க “சோகமா, மகிழ்ச்சியா?” என்று கேட்பதுதான் வழக்கம். அந்தக் கேள்வியைத் தூக்கிப் போடலாம். பிள்ளைகள் சொல்லின் பொருளையும் பாடகரின் முகத்தையும் வேகத்தையும் வைத்துப் பதில் சொல்லிவிடுவார்கள், காது வேலையே செய்யாது. அதற்குப் பதில் சுருதிப் பெட்டி செயலி ஒன்றில் ‘இ’ (E) சுருதியை வைத்து ஒலிக்க விட்டு, அதன் மேல் பாடலைச் சொல் இல்லாமல் வாசியுங்கள். சரணம் முழுவதும் பொருந்தும். பல்லவியில் “ஏதோ ஒட்டவில்லை” என்று கை தூக்குவார்கள். ‘ஜி’ (G) சுருதிக்கு மாற்றினால் முகம் தெளியும். எந்த நொடியில் மாற்ற வேண்டும் என்பதை அவர்களே கை தட்டிச் சொல்லட்டும். சிலர் ‘ஓ’ தொடங்கும்போதே தட்டுவார்கள், சிலர் அது முடிந்த பிறகு. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு, அந்த நீண்ட சுரம் பழைய வீட்டிலும் இல்லை, புது வீட்டிலும் இல்லை. இந்த வாதத்துக்கு 5 நிமிடம் ஒதுக்கினால் வீணாகாது.

ஐந்தாம் வாரம்: நான்கு சுரம், விடாமல்

உலகம் ‘கேரல் ஆஃப் தி பெல்ஸ்’ என்று பாடுவது உக்ரைனின் மிக்கோலா லெயொந்தோவிச் அமைத்த ‘ஷ்செத்ரிக்’. 1916-இல் கீவில் முதலில் பாடப்பட்டது. அது ஒரு புத்தாண்டுப் பாட்டு. தகைவிலான் குருவி ஒன்று வீட்டுக்குள் பறந்து வந்து, வரும் ஆண்டு வளம் கொழிக்கும் என்று வீட்டுக்காரருக்குச் சொல்கிறது. 1922-இல் உக்ரைன் பாடகர் குழு நியூயார்க் கார்னகி மண்டபத்தில் அதைப் பாடியது. மணியோசை வரும் ஆங்கில வரிகளை 1936-இல் பீட்டர் வில்ஹவுஸ்கி எழுதினார். கிறிஸ்து பிறப்பு விழாப் பாடலைப் பாடத் தயங்கும் குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் இந்த மூல வடிவம் பெரிய உதவி. திட்டம் தொடங்கும் முன்பே பெற்றோருக்கு ஒரு வரி எழுதிவிடுவது இன்னும் நல்லது.

மெட்டு நான்கே சுரம்: க ரி க ஸ, மூன்று எண்ணிக்கைக்குள், நடுவில் உள்ள இரண்டும் அரை அரை. அது பாடல் நெடுக ஏதாவது ஒரு குரலில் ஓடிக்கொண்டே இருக்கும். பிரபலமான பதிப்பு ஜி மைனரில் இருப்பதால் பி ஃபிளாட் என்ற கறுப்புக் கட்டைச் சுரம் வேண்டும், பள்ளிக்கூட சைம் பார் பெட்டியில் அது அநேகமாக இருக்காது. வகுப்பு தொடங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்துத் திண்டாடுவதைவிட ஏ மைனருக்கு மாற்றிவிடலாம்: சி, பி, சி, ஏ. எல்லாம் வெள்ளைக் கட்டை. ஒலிப்பதிவோடு சேர்த்து மட்டும் வாசிக்க வேண்டாம், ஒரு முழுச்சுரம் மோதும்.

வகுப்பில் பாதி வாசிக்க, பாதி கேட்க வேண்டும். கேட்பவர்களின் வேலை: இரண்டாம் குரல் நுழைவதற்கு முன் அந்த நான்கு சுரம் எத்தனை முறை வந்தது என்று விரல் விட்டு எண்ணுவது. பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும், ஆகவே ஆசிரியர் தன் பதிவில் முன்பே எண்ணி வைத்திருக்க வேண்டும். வாசிப்பவர்கள் பக்கம் வேகம் ஏறும், தவறாமல் ஏறும். நடுவில் உள்ள அரை எண்ணிக்கைச் சுரங்களைச் சேர்த்து இடிப்பதால்தான் அது. மூன்றாம் எண்ணிக்கையில் கையை அரை நொடி தூக்கி வைக்கச் சொன்னால் அடங்கும்.

மனதுக்குள் பாடுவதும் மதிப்பெண்ணும்

ஒவ்வொரு வகுப்பின் முதல் 4 நிமிடமும் ஒரே விளையாட்டு. ஆசிரியர் கை மேலே இருந்தால் உரக்கப் பாட வேண்டும், கை இறங்கினால் பாட்டு மனதுக்குள் தொடர வேண்டும், மீண்டும் ஏறினால் சரியான சொல்லில், சரியான சுருதியில் வெளியே வர வேண்டும். முதல் வாரம் இரண்டு சொல் மட்டும் மறைக்கலாம். நான்காம் வாரத்துக்குள் ஒரு முழு வரி. வெளியே வரும்போது எல்லோரும் முந்திக்கொண்டு வருவது சகஜம், மௌனத்தில் நீண்ட சுரங்களைச் சுருக்கிவிடுகிறார்கள். தொடையில் இரண்டு விரலால் ஓசையில்லாமல் தாளம் போடச் சொல்லுங்கள், முந்துவது நிற்கும்.

இதுவே மதிப்பீடும் ஆகிறது. 30 பேரையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. வகுப்புக்கு ஆறு பேர் என்று குறித்து வைத்துக்கொண்டால் ஐந்து வாரத்தில் முடியும். குறிப்பில் மூன்றே கட்டம்: தானே பிடித்தார், பிறரைப் பார்த்துச் செய்தார், தவறவிட்டார். நடுக் கட்டம் இல்லாத படிவம் பயனற்றது, வகுப்பின் பாதி உண்மையில் அங்கேதான் இருக்கும்.

தவறு பிடிக்கும் சோதனையும் வைக்கலாம். தெரிந்த மெட்டில் ஒரே ஒரு சுரத்தை மாற்றி வாசித்து, எந்தச் சொல்லில் என்று கேட்பது. கடைசிச் சுரத்தை மாற்றாதீர்கள், அதை எல்லோரும் பிடிப்பார்கள். வரியின் நடுவில், அருகிலுள்ள சுரத்துக்கு மாற்றினால்தான் யார் உண்மையில் கேட்கிறார்கள் என்று தெரியும்.

லண்டன் பக்கத்து வகுப்புகளில் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக் குடும்பத்துப் பிள்ளை ஒன்றாவது இருக்க வாய்ப்புண்டு. ‘சைலன்ட் நைட்’ மெட்டை அது ‘ஒப்பில்லா திரு இரா’ என்று அறிந்திருக்கும், ‘ஓ கம் ஆல் யீ ஃபெய்த்ஃபுல்’ அதற்குப் ‘பக்தரே வாரும்’. அந்தப் பிள்ளையைத் தமிழில் பாடச் சொல்லி, மற்றவர்களை மெட்டில் வேறுபாடு தேடச் சொல்லலாம். சொல் புரியாததால் வகுப்பின் காது மெட்டிலேயே நிற்கும், ‘லா’ செய்த வேலையைத் தமிழ் செய்துவிடும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இதே பாடத்தை நடத்துபவர் ஆங்கில வரிகளை வைத்து இதே வித்தையைத் திருப்பிச் செய்யலாம். ஆனால் அந்தப் பிள்ளையிடம் முதல் நாளே தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். திடீரென்று எழுப்பிவிட்டால் வாய் திறக்காது.

ஆறாம் வாரம் ஒத்திகைக்குப் போய்விட்டால் போகட்டும். மண்டபத் தரையில் தங்கள் முறைக்காக இருபது நிமிடம் உட்கார்ந்திருக்கப்போகிறார்கள், மேடையில் வேறு வகுப்பு பாடிக்கொண்டிருக்கும். உள்ளே போகும்போது ஒரு சீட்டில் ஒரு கேள்வி: கடைசிச் சரணத்தில், மெட்டுக்கு மேலே தனியாக ஓடும் குரல் எந்தச் சொல்லில் நுழைகிறது? கேட்டதும் விரலை மட்டும் தூக்கினால் போதும், பாடக் கூடாது.